சிறுகதையின் முடிபு

கதை கூறும் வழக்கம் மனித இனத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. சிறுகதையோ இலக்கிய வடிவங்களுள் மிக இளையது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையை நால்வகைப்படுத்தி அவற்றுட் புனைந்துரைக்கும் இடமளித்திருத்தலின் தமிழிற் சிறுகதை ஈராயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்தது என வாதிடுவார் உளர். பழைமையிற் பெருமை காணும் உள்ளத்துக்கு இவ்வாதம் இனிமை தரலாம். ஆனால், பழங்கதையும் சிறுகதையும் வேறுபடும் இடம் யாது என்னும் வினாவை அது மறைத்துவிடுகின்றது. நீளத்தால் அவை வேறுபடுவன அல்ல. பஞ்சதந்திரக் கதைகள் பல, இன்றைய சிறுகதைகளினும் குறுகியவை. கற்பனையாலும் அவை வேறுபடுவன அல்ல. அவை வேறுபடும் இடங்களுள் முதன்மையானது முடிபே.

பஞ்சதந்திரக் கதை ஒரு நீதியுடன் முடிகின்றது. முதலையின் முதுகிலிருந்த குரங்கு தப்பியவுடன் கதை தப்பியது எப்படி என்பதன்று, தப்பியதால் அறியவேண்டியது யாது என்பதே கேட்போர் உள்ளத்தில் நிற்றல் வேண்டும் என்பது அந்நூலின் நோக்கம். அரசகுமாரருக்கு அறிவு கொளுத்த எழுந்ததாகக் கூறப்படும் நூல் அவ்வாறு முடிதல் முறையே. வேதாளக் கதைகளோ ஒவ்வொன்றும் ஒரு வினாவுடன் முடிகின்றன. எனினும், விக்கிரமாதித்தன் உடனே விடை பகர்ந்துவிடுகின்றான். ஒன்றில் நீதி கிடைக்கின்றது, மற்றொன்றில் விடை கிடைக்கின்றது. இரண்டிலும் கேட்போன் வெறுங்கையுடன் வீடு திரும்புவதில்லை. சிறுகதை என்னும் புதிய வடிவம் தோன்றியபோது இந்த உறுதிப்பாடே முதலில் ஆட்டங்கண்டது.

சிறுகதைக்கு முதன்முதல் ஓர் இலக்கணம் வகுக்க முயன்றவர்களுள் முன்னிற்பவர் அமெரிக்கராகிய எட்கர் அலன் போ. நதானியல் ஹாதோர்ண் எழுதிய கதைத் தொகுதியொன்றுக்கு 1842ஆம் ஆண்டு அவர் எழுதிய மதிப்புரையிலேயே அவ்விலக்கணம் காணப்படுகின்றது. அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துள், ஓரிருப்பிற் படித்து முடிக்கத்தக்கதாய்க் கதை அமைதல் வேண்டும். ஒரே உணர்ச்சிப் பயனை முன்னரே உளங்கொண்டு, அதற்கேற்ற நிகழ்ச்சிகளை ஆசிரியர் புனைதல் வேண்டும். முதல் வாக்கியமே அப்பயனை நோக்கி நடவாதாயின் ஆசிரியர் முதலடியிலேயே தவறினார் என்க. இவையே அவர் கருத்தின் சாரம்.

இதன் நுட்பம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நாவலைப் படித்து முடிப்பவன் அதன் முதல் அத்தியாயத்தைப் பெரும்பாலும் மறந்திருப்பான். இடையில் உணவும் உறக்கமும் தொழிலும் குறுக்கிட்டிருக்கும். ஆதலின், நாவலின் முடிபு சிறிது தளர்ந்திருப்பினும் பெரும் பழுதில்லை. ஓரிருப்பிற் படிக்கப்படும் சிறுகதையிலோ இறுதி வாக்கியத்தை அடையும்போது முதல் வாக்கியம் வாசகன் உள்ளத்தில் இன்னும் ஈரம் புலராது இருக்கின்றது. அதனாலேதான் சிறுகதையின் முடிபு முன்னோக்கி மட்டுமன்றிப் பின்னோக்கியும் ஒளி வீசவல்லது. முடிபு என்பது கதை நின்றுவிடும் இடம் மட்டும் அன்று. கதை முழுவதும் மீண்டும் ஒருமுறை, வேறொரு பொருளுடன், உள்ளத்தில் எழும் இடமாகும்.

போ கூறிய இலக்கணம் பின்னர் எழுதுமுறை கற்பிக்கும் கைந்நூல்களிற் புகுந்தபோது சுருங்கிவிட்டது. ஒரே பயன் என்பது ஒரே அதிர்ச்சி எனவும், முடிபை நோக்கிய நடை என்பது முடிபை மறைக்கும் நடை எனவும் பொருள் கொள்ளப்பட்டன. எதிர்பாராத திருப்பமே சிறுகதையின் உயிர் என்னும் எண்ணம் இவ்வாறு பரவிற்று. பள்ளிக்கூடங்களில் நடைபெறும் கதைப் போட்டிகளுக்கு மாணவர் எழுதும் கதைகளைப் படிப்போர் இதன் விளைவை நன்கறிவர். இறந்தவன் உயிருடன் வருவான், கள்வன் உடன்பிறந்தானாக முடிவான், அல்லது எல்லாம் கனவாகிவிடும். இத்தகைய கதைகளை எழுதுவோரிடம் எடுத்துக்காட்டுக் கேட்பின், மாப்பசானின் பெயரையே பெரும்பாலும் கூறுவர். ஆதலின் மாப்பசான் உண்மையிற் செய்தது யாது என்பதை ஆராய்தல் இன்றியமையாதது.

1884இல் வெளிவந்த மாப்பசானின் வைர அட்டியல் பற்றிய கதை உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றது. கல்வி அமைச்சில் எழுதுவினைஞனாகிய லோய்சல் என்பானின் மனைவி, தனக்கு வாய்த்த எளிய வாழ்வை வெறுத்து, செல்வரின் ஆடம்பரத்தை எண்ணி ஏங்குபவள். அமைச்சரின் விருந்துக்கு அழைப்பு வருகின்றது. நானூறு பிராங்குக்கு ஆடை வாங்கியபின், அணிகலன் இல்லையே எனக் கலங்கிச் செல்வத் தோழியொருத்தியிடம் வைர அட்டியலொன்றை இரவல் பெறுகின்றாள். விருந்திலிருந்து திரும்புகையில் அது தொலைந்துவிடுகின்றது. முப்பத்தாறாயிரம் பிராங்குக்கு அதனையொத்த வேறொன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, அக்கடனை அடைக்கக் கணவனும் மனைவியும் பத்து ஆண்டுகள் உழைத்துத் தேய்கின்றனர். இறுதியிலே தோழியைத் தெருவிற் சந்தித்தபோது, இரவல் பெற்ற அட்டியல் ஐந்நூறு பிராங்குக்கு மேற்படாத போலி என்பது வெளிப்படுகின்றது.

இம்முடிபை அதிர்ச்சி எனக் கூறி விட்டுவிடுதல் எளிது. ஆனால், கதையை இரண்டாம் முறை படிப்போனுக்கு, முதன்முறை கண்ணிற் படாத சில செய்திகள் தெளிவாகத் தோன்றும். அட்டியலை இரவல் கேட்டவுடன் தோழி சிறிதும் தயங்காது இசைகின்றாள். அட்டியல் இருந்த பெட்டியிற் பெயர் பொறித்திருந்த நகை வணிகனிடம் சென்று வினவியபோது, பெட்டியை மட்டுமே தான் விற்றதாகவும் அட்டியலை விற்கவில்லை எனவும் அவன் கூறுகின்றான். புதிய அட்டியலைத் திருப்பிக் கொடுத்தபோது தோழி பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. இம்மூன்றும் உண்மையை வாசகன் கண்முன்னே வைத்துவிட்டன. ஆசிரியர் எதனையும் ஒளிக்கவில்லை. வாசகனே காணத் தவறினான். அவன் காணத் தவறியதற்குக் காரணம் யாது? லோய்சலின் மனைவியைப் போலவே அவனும் மினுக்கத்தை மதிப்பென நம்பினான். முடிபு வெளிப்படுத்துவது அட்டியலின் போலித்தன்மையை மட்டுமன்று. அதனைப் போற்றிய கண்ணின் குறையையும் ஆகும். இதனாலேயே, முடிபை முன்னரே அறிந்தவனும் இக்கதையை மீண்டும் படிக்கின்றான்.

ஆகவே திருப்பமுடைய முடிபுக்கு ஓர் உரைகல் கிடைக்கின்றது. முடிபை அறிந்தபின் கதையிற் படிப்பதற்கு ஏதேனும் எஞ்சியுள்ளதா? எஞ்சியிருப்பின் அது கலை. எஞ்சாதாயின் அது விடுகதை. விடுகதைக்கும் ஓரிடம் உண்டு. ஆயின் விடை தெரிந்த விடுகதையை எவரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

திருப்பத்தைத் தம் முத்திரையாகக் கொண்ட ஓ ஹென்றியிடமும் இவ்வேறுபாட்டைக் காணலாம். 1905இல் வெளிவந்த அவரது கிறிஸ்துமஸ் பரிசு பற்றிய கதையில், கணவனின் கைக்கடிகாரமன்று, பையில் வைக்கும் பரம்பரைக் கடிகாரம் ஒன்றுக்குச் சங்கிலி வாங்க மனைவி தன் கூந்தலை விற்கின்றாள். கணவனோ அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்க அக்கடிகாரத்தை விற்கின்றான். இரு பரிசுகளும் பயனற்றுப் போகின்றன, அன்பு மட்டும் எஞ்சுகின்றது. திருப்பம் இங்கு அன்பின் அளவைக் காட்டும் கருவியாக அமைந்துவிட்டமையால் கதை நிலைத்தது. எனினும் ஆசிரியர் அதனோடு அமையாது, இவ்விருவருமே அறிவிற் சிறந்தோர் என ஒரு பந்தி விளக்கமும் எழுதுகின்றார். வாசகன் தானே உணர்ந்துவிட்டதை அவனுக்கு எடுத்துச் சொல்லும் இவ்விளக்கத்தால் கதை வளரவில்லை. வாசகனிடம் ஆசிரியர் கொண்ட ஐயம் மட்டுமே அதனாற் புலனாகின்றது.

முடிபைப் பற்றிய கொள்கையில் மாப்பசானுக்கு எதிர்த்திசையில் நடந்தவர் உருசிய நாட்டு அன்ரன் செக்கோவ். 1886இல் அவர் எழுதிய துயரம் என்னும் கதையில், அயோனா பொத்தாபோவ் என்னும் முதிய வண்டிக்காரன் பீற்றர்ஸ்பேர்க் நகரில், பனி பெய்யும் மாலையொன்றில், தன் பெட்டைக் குதிரையுடன் அசைவற்று நிற்கின்றான். அவன் மகன் அவ்வாரத்திலேதான் இறந்தான். அதனை எவரிடமேனும் சொல்லவேண்டும் என்பதே அவன் விருப்பம். வண்டியேறிய படை அதிகாரியிடம் சொல்லத் தொடங்குகின்றான், அவர் கண்ணை மூடிக்கொள்கின்றார். களியாட்டத்துக்குச் செல்லும் மூன்று இளைஞரிடம் சொல்கின்றான், எல்லாரும் ஒருநாள் இறப்பவரே என ஒருவன் கூறி விரைந்து செல் என அதட்டுகின்றான். வாயிற் காவலன் அவனை அப்பாற் போகச் சொல்கின்றான். தங்குமிடத்தில் நீரருந்த எழுந்த இளம் வண்டிக்காரன் போர்வையை இழுத்துப் போர்த்து உறங்கிவிடுகின்றான். இறுதியில் அயோனா கொட்டிலுக்குச் சென்று, வைக்கோல் மென்றுகொண்டிருக்கும் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்குகின்றான். கதை முடிகின்றது.

இங்கே திருப்பம் எதுவுமில்லை. நீதியும் இல்லை. ஆனால் நுணுகி நோக்கின் ஒரு செய்தி புலனாகும். மகன் நோயுற்றது எப்படி, இறக்குமுன் கூறியது யாது, அடக்கம் நிகழ்ந்தது எவ்வாறு என்பனவற்றையெல்லாம் முறையாகச் சொல்லவேண்டும் என அயோனா எண்ணுவதைக் கதை கூறுகின்றது. அவன் அவற்றைச் சொல்லியதைக் கதை கூறவில்லை. அவன் சொல்லத் தொடங்கும் அக்கணத்திலேயே ஆசிரியர் நிறுத்திவிடுகின்றார். கதை முழுவதும் கேட்கப்படாத துயரத்தை வாசகனும் முழுமையாகக் கேட்பதில்லை. அதனைக் கேட்டது குதிரை மட்டுமே. இன்னும் ஒரு பந்தி சேர்த்து அத்துயரத்தை ஆசிரியர் விரித்துரைத்திருப்பாராயின், வாசகன் கண்ணீர் சிந்தி ஆறுதலடைந்திருப்பான். அவ்வாறுதலை மறுத்ததே கதையின் வன்மை.

செக்கோவின் இம்முறைக்கு இலங்கையோடு தொடர்புடைய சான்றொன்றும் உண்டு. சகலின் தீவிலுள்ள சிறைக் குடியிருப்புகளை ஆராய்ந்தபின் 1890ஆம் ஆண்டு கடல் வழியாக நாடு திரும்பிய அவர், கொழும்பில் இறங்கிக் கண்டியையும் கண்டார். அப்பயணத்திற் கப்பலில் இறந்தோரின் உடல்கள் கடலில் இடப்பட்டதையும் அவர் கண்டிருந்தார். அவ்வாண்டு இறுதியில் வெளிவந்த கூசேவ் என்னும் கதை இலங்கையிற் கருக்கொண்டது என்பதால், அதன் அடியிற் கொழும்பு என்னும் ஊர்ப்பெயர் குறிக்கப்பட்டது. நோயுற்று ஊர் திரும்பும் எளிய படைவீரன் ஒருவன் கப்பலில் இறக்கின்றான். அவன் உடல் பாய்த் துணியில் வைத்துத் தைக்கப்பட்டுக் கடலில் விடப்படுகின்றது. கதை அங்கே முடிவதில்லை. உடலோடு வாசகனும் நீரினுள் இறங்குகின்றான். சிறு மீன்கள் வருகின்றன, சுறா வருகின்றது. மேலே வானம் பல நிறங்களால் ஒளிர்கின்றது, கடலும் அந்நிறங்களை ஏற்கின்றது. மனிதன் இறந்ததை இயற்கை அறியாது என்பதா, அன்றி அவனையும் அவ்வழகு ஏற்றுக்கொண்டது என்பதா ஆசிரியர் கருத்து? கதை கூறவில்லை. இரண்டையும் ஒருங்கே உணர்வதே இக்கதையைப் படித்தல் ஆகும்.

தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை இந்நோக்குடன் அணுகின், முதற்கதையிலேயே இச்சிக்கல் தோன்றியிருத்தலைக் காணலாம். வ. வே. சு. ஐயரின் குளத்தங்கரை அரசமரம் 1915இல் வெளிவந்தது. தமிழின் முதற் சிறுகதை எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், வடிவ உணர்வுடன் எழுதப்பட்ட முன்னோடிக் கதை இது என்பதைப் பலரும் ஏற்பர். ருக்மிணியின் தந்தை, 1906இல் அர்பத்நட் வங்கி முறிந்தபோது செல்வமிழக்கின்றார். அதனால் மாமன் மாமியின் மனம் மாறுகின்றது. மகனுக்கு வேறிடத்தில் மணம் பேசுகின்றனர். அம்மணத்தை இறுதிக் கணத்தில் மறுத்துப் பெற்றோரை நாணச் செய்யலாம் என எண்ணிய நாகராஜன், தன் எண்ணத்தை நண்பனிடம் சொல்கின்றான், மனைவியிடம் தெளிவாகச் சொல்லாது விடுகின்றான். அவள் குளத்தில் உயிர் துறக்கின்றாள். அவன் துறவு பூணுகின்றான். இவற்றையெல்லாம் கண்ட அரசமரம், விளையாட்டுக்காகவேனும் பெண்ணின் உள்ளத்தைப் புண்படுத்தாதீர் என்று வேண்டிக்கொண்டு கதையை முடிக்கின்றது.

இந்நீதி உண்மையானதே. முதுமரம் ஒன்று ஊராரை நோக்கிப் பேசுவதாகக் கதை அமைந்தமையால், அது அறிவுரை கூறுதல் அதன் இயல்புக்கு முரணாகவும் இல்லை. குறை வேறிடத்தில் உள்ளது. சொல்லப்பட்ட நீதி, கதையினும் சிறியது என்பதே அக்குறை. ருக்மிணியை அழித்தது கணவனின் விளையாட்டு மட்டுமா? செல்வம் போனவுடன் மருமகளை வேண்டாதவளாக்கிய மாமன் மாமியின் பொருளாசை எங்கே போயிற்று? நண்பனிடம் சொல்லத்தக்கதை மனைவியிடம் சொல்ல வேண்டியதில்லை எனக் கருதிய ஆண்மகனின் பழக்கம் எங்கே போயிற்று? தன் துயரைக் குளத்துக்கன்றி வேறெவருக்கும் சொல்ல இயலாத பெண்ணின் தனிமை எங்கே போயிற்று? கதை இவை அனைத்தையும் காட்டுகின்றது. நீதியோ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை வாசகன் மறக்கும்படி செய்கின்றது. நல்ல கதையின் அடியில் நீதியை எழுதுவதாலுண்டாகும் இழப்பு இத்தகையது. நீதி பொய்யாயிருப்பதால் அன்று, போதாதிருப்பதாலேயே அது கதைக்கு ஊறு செய்கின்றது.

இருபது ஆண்டுகள் கழியுமுன் புதுமைப்பித்தன் மணிக்கொடியில் எழுதிய பொன்னகரம் இவ்வாராய்ச்சிக்கு மற்றொரு கோணத்தைத் தருகின்றது. வண்டியோட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்க, அவன் விரும்பிய பாற்கஞ்சிக்காக ஆலைத் தொழிலாளியான அம்மாளு இருளில் ஒருவனுடன் ஒதுங்கி முக்கால் ரூபாய் ஈட்டுகின்றாள். அதன்பின் ஆசிரியர் வாசகரை நேரே விளித்து, கற்பைப் பற்றிப் பேசுவோரே, பொன்னகரம் என்பது இதுவே என இடித்துரைத்துக் கதையை முடிக்கின்றார். முக்கால் ரூபாயுடன் கதையை நிறுத்தியிருக்கலாம், இறுதி வாக்கியம் மிகை என்பார் உளர். ஆனால், இக்கதையின் தலைப்பே ஒரு வஞ்சப் புகழ்ச்சி. தொடக்கத்திலிருந்தே ஏளனக் குரலில் நகரின் சந்துகளைச் சுட்டிக் காட்டி வாசகனை அழைத்துச் சென்றவர் ஆசிரியரே. அவ்வாறு அழைத்து வந்தவர், இறுதியில் வாசகனின் முகத்தை நோக்கி ஒரு வார்த்தை சொல்வது வடிவத்துக்குப் புறம்பாகாது. அரசமரம் வாசகனுக்கு அறிவுரை கூறித் தேற்றியது. பொன்னகரமோ வாசகன் கைக்கொண்டிருந்த நீதியைப் பறித்துக்கொண்டது. ஆசிரியர் பேசுவதெல்லாம் குற்றமென்று ஒரே விதி செய்துவிடலாகாது என்பதற்கு இது சான்று.

அதே புதுமைப்பித்தன் 1940களின் தொடக்கத்தில் எழுதிய செல்லம்மாள், முடிபுக் கலையில் அவர் அடைந்த முதிர்ச்சியைக் காட்டுகின்றது. சென்னையில் ஜவுளிக்கடையொன்றில் ஊழியம் செய்யும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளியான மனைவி செல்லம்மாளுடன் நடத்திய வாழ்க்கையே கதை. செல்லம்மாள் இறந்துவிட்டாள் என்பதை ஆசிரியர் முதல் வாக்கியத்திலேயே கூறிவிடுகின்றார். மறைத்து வைத்து இறுதியில் அதிர்ச்சி தரக்கூடிய ஒரே நிகழ்ச்சியை வாயிலிலேயே வைத்துவிட்டு, பின்னர் அவ்வாழ்வைப் பின்னோக்கி விரிக்கின்றார். தொடக்கத்தில் மனைவியின் உடலருகே பிள்ளை ஓலமிடுவதில்லை. முதன்முறை படிப்போனுக்கு அவ்வமைதி வியப்பளிக்கலாம், வெறுப்பும் தரலாம். கதை சுழன்று மீண்டும் அவ்வுடலருகே வரும்போது, செல்லம்மாளின் முகத்தில் உட்கார முயலும் ஈயொன்றைப் பிள்ளை விசிறியால் விரட்டி, மெதுவாக வீசிக்கொண்டே இருக்கின்றார். வெளியே சங்கு ஒலிக்கின்றது. உணர்ச்சியைக் குறிக்கும் சொல் ஒன்றேனும் அங்கே அவருக்கு உரியதாகக் கூறப்படவில்லை. உயிரோடிருந்தபோது செய்த பணிவிடையை உயிர் பிரிந்தபின்னும் நிறுத்தத் தெரியாத அக்கையே எல்லாவற்றையும் கூறிவிடுகின்றது. அயோனாவின் குதிரைக்கும் பிரமநாயகம் பிள்ளையின் விசிறிக்கும் உள்ள உறவை உணர்ந்தவன், சிறுகதையின் முடிபு என்றால் யாது என்பதைப் பெரும்பகுதி உணர்ந்தவன் ஆவான்.

ஈழத்துச் சிறுகதையின் மூலவர்களெனச் சிறப்பிக்கப்படுவோர் சி. வைத்தியலிங்கம், இலங்கையர்கோன், சம்பந்தன் ஆகிய மூவர். அவர்களுள் இலங்கையர்கோனின் வெள்ளிப் பாதசரம் மாப்பசானின் கதையோடு ஒப்பிட்டுப் பயிலத்தக்கது. இரண்டிலும் தொலைவது ஓர் அணிகலன். இரண்டிலும் கணவனும் மனைவியும் அதனால் அல்லற்படுகின்றனர். பிரெஞ்சுக் கதை பாரிஸ் நகரின் விருந்து மண்டபத்திலிருந்து வறுமைக்குச் செல்கின்றது. ஈழத்துக் கதையோ வல்லிபுரக் கோயில் திருவிழாக் கூட்டத்தில், மணற்பரப்பின் நடுவே, இளந்தம்பதிகள் இருவரின் ஊடலாக அமைகின்றது. பாதசரம் போனதற்காகக் கணவன் கொண்ட சினமும், மனைவி கொண்ட துயரும், அவ்விரண்டும் கரையும் நிலையுமே கதை. பாதசரம் போலியானதா மெய்யானதா என்னும் வினாவுக்கு இங்கு இடமேயில்லை. பொருள் போனபோது அன்பு எங்கே நிற்கின்றது என்பதே வினா. திருக்குறளின் இறுதி அதிகாரம் ஊடலுவகை என அமைந்திருத்தலை அறிந்த தமிழ் வாசகனுக்கு இம்முடிபு பழக்கமான ஒன்று. எதிர்பாராத எதுவும் நிகழாமலே உள்ளம் நிறையலாம் என்பதற்கு மேனாட்டுச் சான்றுகளை மட்டும் தேடவேண்டியதில்லை.

இனி ஒரு மறுப்பையும் எதிர்கொள்ளுதல் வேண்டும். 1950களிலும் 1960களிலும் ஈழத்தில் முற்போக்கு இலக்கியம் பற்றி எழுந்த விவாதங்களில், இலக்கியம் சமுதாயத்தின் கொடுமைகளைத் தெளிவாகச் சுட்டவேண்டும் என்னும் குரல் வலுவாக ஒலித்தது. சாதிக் கொடுமையாலும் வறுமையாலும் நலிந்தோரின் வாழ்வு எழுத்தில் இடம்பெற்றதற்கு அவ்வியக்கம் ஆற்றிய பணி பெரிது. சொல்லாது விடும் முடிபு, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் முடிபு அன்றோ என அந்நோக்குடையார் வினவலாம். வினா நியாயமானது. தெளிவற்ற உள்ளத்தோடு எழுதுபவன் முடிக்கத் தெரியாது நிறுத்திவிட்டு, அதனை நுட்பம் என்று பெயரிட்டு விற்பதும் உண்டு. ஆனால், அயோனாவின் கதையைப் படித்தவன், நகரத்தின் கொடுமை யாது என்பதில் ஐயுறுவானா? பிரமநாயகம் பிள்ளையின் வறுமையை அறிந்தவன், அது எவ்வாழ்விலிருந்து விளைந்தது என்பதை அறியாதிருப்பானா? கதை தன் குற்றச்சாட்டை நிகழ்ச்சிகளால் ஐயந்திரிபற நிறுவியபின் தீர்ப்பை வாசகனிடம் விடுகின்றது. குற்றச்சாட்டையே நிறுவாது தீர்ப்பை மட்டும் எழுதும் கதை, எவ்வளவு உயர்ந்த கொள்கையுடையதாயினும், ஏற்கனவே உடன்பட்டவரையன்றி வேறெவரையும் அசைப்பதில்லை.

இவ்வாராய்ச்சியின் பயன் வகுப்பறையிலேயே காணப்படுதல் வேண்டும். கதையைச் சுருக்கி எழுதுக, கதையால் அறியப்படும் நீதியைக் கூறுக என்னும் இரு வினாக்களாற் சிறுகதைப் பாடம் பெரும்பாலும் முற்றுப்பெற்றுவிடுகின்றது. சுருக்கம் கதையின் எலும்பைத் தருகின்றது, நீதி அதற்குப் புறத்தே நின்று பேசுகின்றது. இரண்டுக்கும் இடையே உயிருள்ளது எதுவோ அது தொடப்படாமலே போகின்றது. குளத்தங்கரை அரசமரத்தின் நீதியை மனனஞ்செய்து முழுப்புள்ளி பெறும் மாணவன், அக்கதையிலுள்ள பொருளாசையைக் காணாமலே தேர்ச்சி பெற்றுவிடலாம். இது சிறிய இழப்பன்று. சொன்னதை ஏற்பதற்கு மட்டும் பழகி, காட்டப்பட்டதைக் காண்பதற்குப் பழகாத ஒரு தலைமுறை அவ்வாறே உருவாகின்றது.

அதற்கு மாறாக, ஆசிரியர் மூன்று வழிகளைக் கைக்கொள்ளலாம். முதலாவது, இறுதிப் பந்தியை மறைத்துவைத்துக் கதையைப் படித்துக் காட்டி, இது எவ்வாறு முடிதல் தகும் என மாணவரைக் கேட்டல். அவர்கள் கூறும் முடிபுகளையும் ஆசிரியரின் முடிபையும் அருகருகே வைக்கும்போது, பின்னதன் தகுதியோ தகுதியின்மையோ தானே புலப்படும். இரண்டாவது, கடைசி வாக்கியத்தை நீக்கிவிடின் கதை யாது இழக்கும் எனக் கேட்டல். பொன்னகரத்தை வைத்து இவ்வினாவை எழுப்பின், வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். அவ்வாதமே பாடம். மூன்றாவது, கதையை இரண்டாம் முறை படிக்கச் செய்து, முதன்முறை கண்ணிற் படாதது எது என எழுதச் செய்தல். நகை வணிகனின் பெட்டியைத் தானே கண்டுபிடித்த மாணவன், அதன்பின் எந்த நூலையும் முன்போற் படிக்கமாட்டான். இத்தகைய வினாக்களுக்கு ஒரே விடை இல்லாமையால் அவற்றுக்குப் புள்ளியிடுதல் அரிது எனலாம். விடை பலவாயினும், விடைக்குக் கதையினின்றும் காட்டும் சான்று ஒன்றே அளவுகோல். சான்று காட்டியவனுக்குப் புள்ளி அளித்தல் அரிதன்று.

எழுத விரும்பும் மாணவருக்கும் இவ்வழி பயன் தரும். முடிபைத் தேடி அலைவதை விடுத்து, கதையின் முதற் பந்தியை மீண்டும் படிப்பதே அவர்கள் செய்யவேண்டுவது. அயோனாவும் குதிரையும் பனியில் ஒருங்கே நின்ற முதற் காட்சியிலேயே அவர்கள் ஒருங்கே நிற்கும் இறுதிக் காட்சி அடங்கியிருந்தது. செல்லம்மாளின் முடிபும் அவள் உடல் கிடந்த முதல் வாக்கியத்திலேயே இருந்தது. முடிபு புறத்திலிருந்து கொணரப்படுவதன்று. கதைக்குள்ளே ஏற்கனவே கிடப்பதைக் கண்டெடுப்பதே ஆகும்.

வடமொழி வேதாளக் கதையில், ஒவ்வொரு வினாவுக்கும் தயங்காது விடையிறுத்த மன்னன், இறுதிக் கதையின் வினாவுக்கு விடை கூற இயலாது வாய்மூடி நடக்கின்றான். அதுவரை அவன் விடை கூறியபோதெல்லாம் வேதாளம் மீண்டும் மரத்துக்கே திரும்பிற்று. அவன் மௌனமாய் நடந்த அன்றே அது அவன் தோளிற் தங்கி, அவனுக்கு உற்ற துணையாயிற்று. விடை கூறப்பட்ட கதைகள் மரத்துக்குத் திரும்பிவிட, விடை கூறப்படாத கதையே தோளில் தங்கிற்று. வகுப்பறையிற் கற்பிக்கப்படும் சிறுகதையும் மாணவனுடன் வீடுவரை செல்லவேண்டுமாயின், மணி அடிக்குமுன் அதற்கு விடையெழுதி முடித்துவிடும் பழக்கத்தை ஆசிரியர் கைவிடுதல் வேண்டும்.